புதுப்பிப்பு: குவில்ட் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்

போன மாதம் கேட்டிருந்தேனே, ரவிக்கை மட்டும் தைக்கத் தெரிந்தவள் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) வகுப்புக்குப் போகலாமா, வீடியோ பார்த்தே பழகிவிடலாமா என்று. சேர்ந்துவிட்டேன். மூன்று வகுப்பு முடிந்தது.

முதல் நாளே மானம் போனது. 3.5 அங்குலச் சதுரம் ஒன்பது வெட்டி, மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் 9.5 அங்குலக் கட்டம் வர வேண்டும், எனக்கு 9தான் வந்தது. மெஷினைத் திட்டினேன், துணியைத் திட்டினேன், கடைசியில் பார்த்தால் தையல் ஓரமாகக் கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் ரவிக்கைப் பழக்கத்தில் அரைக்கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்திருக்கிறேன். ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துக் கூடுதலாகக் கால் அங்குலம் போச்சு, இரண்டு தையலுக்கு அரை. வீடியோவில் இதை யார் வந்து காட்டுவார்கள்? இப்போது ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் மேல் டேப் ஒட்டிவிட்டேன், சரியாக வருகிறது.

அப்புறம் இஸ்திரி. இழுத்துத் தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும், வைத்து அழுத்தி எடுக்க வேண்டுமாம். அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறி மாறி வரும் கட்டத்தில் தையல் மடிப்பை அடர்நிறத் துணிப் பக்கம் சாய்த்தால் முனைகள் தானாகப் பொருந்துகின்றன.

பழைய புடவை ஆகுமா என்று கேட்டவருக்கு: பருத்தி என்றால் தாராளமாக ஆகும், ஆனால் ஈர வெள்ளைத்துணியால் துடைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். அம்மாவின் சிவப்புச் சுங்குடி இன்னும் வாளியில்தான் ஊறுகிறது.