ஏ2 என்று எழுதினால் ஏ2 வர வேண்டாமா?

பீங்கான்தூரிகை:
டாக்டர்_வைகை நேற்று இங்கே எழுதிவிட்டுப் போன வரி இரவெல்லாம் என்னை உறுத்தியது: "லேப் ஸ்லிப்பில் ஏ2 என்று எழுதினால் ஏ2 வர வேண்டும், வராவிட்டால் தவறு லேபினுடையது." ஏ2 என்பது பல்லின் நிற எண்; செயற்கைப் பல் செய்யும் லேபுக்கு மருத்துவர் அனுப்பும் சீட்டுதான் ஸ்லிப். அவர் செய்வித்த முன்பல் கிரௌன், அதாவது அரைத்த பல்லின்மேல் மாட்டும் உறை, பக்கத்துப் பற்களுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த சுவர்போல் நிற்கிறதாம். அந்த லேப் என்னுடையது அன்று. ஆனாலும் 26 ஆண்டுகளாகப் பீங்கான் அடுக்குகிறவன் என்ற முறையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த ஏ2வைப் பல்லை அரைப்பதற்கு முன் பார்த்தீர்களா, அரைத்த பின் பார்த்தீர்களா? பஞ்சை அடைத்து, உறிஞ்சுகுழாய் ஓட ஓட அரை மணி நேரம் வேலை செய்தால் பக்கத்துப் பற்களும் ஈரம் இழந்து வெளுத்துவிடும். அந்த வெளுப்பைப் பார்த்து எழுதிய எண்ணுக்குக் கிரௌன் செய்தால், பற்கள் பழைய நிறத்துக்குத் திரும்பிய பிறகு கிரௌன் மட்டும் தனியே வெளுத்து நிற்கத்தான் செய்யும்.

டாக்டர்_வைகை:
பாடம் எடுத்ததற்கு நன்றி. வந்த கிரௌனை, நிற மாதிரிகளின் தொகுப்பான ஷேடு கைடின் ஏ2 டேபோடு, அதாவது அந்த எண்ணுக்கான மாதிரிப் பல்லோடு, சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய அதைவிட வெளுத்த பி1 போல இருந்தது. பல் காய்ந்ததா நனைந்ததா என்பது பிளாஸ்டிக் பெட்டியில் கிடக்கும் டேபுக்கு எப்படித் தெரியும்? மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது என் பல் மாதிரியே இல்லையே" என்றார். அந்த நிமிடம் எதிரில் நின்றது நான்; லேப் அன்று.

பீங்கான்தூரிகை:
நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடக்கட்டும். அரைப்பதற்கு முன்னா, பின்னா?

புதுக்கிளினிக்:
நான் படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன; குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அது வேர்சிகிச்சை செய்து கறுத்த பல்லா? கிரௌன், ஒளி புகும் பீங்கானான லித்தியம் டைசிலிக்கேட் என்றால் அரைத்த பல்லின் நிறம் கிரௌன் வழியே தெரியுமே. ஸ்லிப்பில் அந்த நிறத்தை, அதாவது ஸ்டம்ப் ஷேடு, எழுதியிருந்தீர்களா, சார்?

மில்லிங்மன்னன்:
தம்பி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். ஸ்டம்ப் ஷேடு தெரியாத லேப், அடியில் கறுப்பு இருக்குமோ என்று பயந்து ஒளி அதிகம் புகாத இங்காட்டை, அதாவது பீங்கான் கட்டியை, எடுத்திருக்கும். கிரௌன் வெளுத்துத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் லேபுக்கு வந்திருந்தால் இந்தத் தூரிகைக் கச்சேரியே தேவைப்பட்டிருக்காது.

பீங்கான்தூரிகை:
மில்லிங் எந்திரம் துப்பியதற்கு மேலே சாயம் பூசிக் கொடுப்பவர் தூரிகையைப் பற்றிப் பேசுகிறார்; காலம்தான். டாக்டர் இன்னும் பதில் சொல்லவில்லை.

டாக்டர்_வைகை:
மெக்கானிக் ஒருவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கைகட்டிப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பினேன். சந்தேகம் இருந்தால் அந்த லேப் ஒரு போன் செய்திருக்கலாமே?

பீங்கான்தூரிகை:
மெக்கானிக் என்றால் ஸ்கூட்டர் கழற்றுகிறவர் இல்லை, டாக்டர். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் உங்களைப் பற்றிப் பேசிய அதே ஏட்டில் டெண்டல் மெக்கானிக்கைப் பற்றியும் பேசியது. போன் செய்தால் வரவேற்பறைப் பெண் "டாக்டர் பேஷன்ட்டோடு இருக்கிறார்" என்பார், அத்தோடு சரி. போட்டோவின் இலட்சணத்தையும் சொல்கிறேன், என் மேசைக்கு வாரம் பத்து வருகிறது: செல்போன் பிளாஷ் பல்லின் நடுவே வெள்ளைப் புள்ளியாக எரியும், டேப் பல்லுக்கு நேராக, அதே தளத்தில் இல்லாமல் உதட்டின்மேல் சாய்ந்து கிடக்கும், அதன் எண் படத்துக்கு வெளியே போயிருக்கும், உதட்டுச் சாயத்தைக்கூடத் துடைத்திருக்க மாட்டார்கள். ஸ்லிப்பிலோ பல்லின் எண்ணும் நிறத்தின் எண்ணுமாக "11, ஏ2, வெள்ளி மாலை, அவசரம்" என்று இருக்கும், அதுவும் அச்சோடு வந்த ஈரத்தில் பாதி கரைந்து. கழுத்தருகே ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், நுனியில் கண்ணாடிபோல் ஒரு நீலம் என்று இருக்கிற பல்லை ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாகச் சுருக்கி அனுப்பிவிட்டு, ஏன் உயிரில்லை என்று எங்களைக் கேட்கிறார்கள். சென்ற தீபாவளியின்போது ரீமேக்குக்கான, அதாவது மறுபடி செய்வதற்கான, கூரியர் செலவு யாருடையது என்று இங்கே விவாதம் வந்தபோதும் இவர் இப்படித்தான் பாதியில் எழுந்து போனார்.

டாக்டர்_வைகை:
அந்தக் கூரியர் செலவை நான்தான் கட்டினேன், ரசீது இருக்கிறது.

மில்லிங்மன்னன்:
என் எந்திரம் துப்புவதில்லை, ஐயா, கடைகிறது. 

புதுக்கிளினிக்:
ஸ்டம்ப் ஷேடு எழுதியிருந்தீர்களா என்று கேட்டிருந்தேனே, சார்?

டாக்டர்_வைகை:
எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்: கிரௌனைத் திருப்பி அனுப்பியாயிற்று. இம்முறை வம்பே வேண்டாம் என்று ஸ்லிப்பில் இன்னும் அடர்ந்த நிறமான ஏ3 என்று எழுதியிருக்கிறேன்.

பீங்கான்தூரிகை:
அந்த ஏ3ஐ எப்போது பார்த்தீர்கள்?