முன்னறிவிப்பின்றி வருகிறவர்கள்

செங்கோட்டையிலிருந்து வெளிநாடு சென்ற பலரையும் போல நாங்களும் திருவனந்தபுரத்தில் இறங்கித்தான் ஊருக்குச் செல்வது வழக்கம். இந்த முறை காரை விட்டுவிட்டு, கொல்லத்திலிருந்து புனலூர் வழியாக ரயிலில் போகலாம் என்று முடிவு செய்தோம். 1904-இல் போடப்பட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அகலப் பாதையாக்குவதற்காக 2010-இல் மலைப்பகுதியில் ரயில்களை நிறுத்தினார்கள், 2018-இல்தான் அங்கே முழுவதும் மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்குக் கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பாலத்தைவிட, எதிர் இருக்கையில் இருந்த அம்மாதான் அவளை அதிகம் வியக்க வைத்தார். வண்டி இடமண்ணைத் தாண்டுவதற்குள் நாங்கள் எங்கே இருக்கிறோம், என்ன வேலை, மகள் எத்தனையாவது படிக்கிறாள், என் மாமியாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பது வரை அவர் கேட்டறிந்துவிட்டார். அவர் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன். இருவருமே மொழியை மாற்றிக்கொள்ளத் தேவை ஏற்படவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேரும்வரை மலையின் இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியில் இருந்தவைதானே. தென்மலை வருவதற்குள் மகளின் கையில் ஒரு பூவன் பழம் உரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஸ்டுட்கார்ட்டில் நான் தினமும் ஏறும் ரயிலில், ஆண்டுக்கணக்கில் முகம் தெரிந்தவர்கள்கூடத் தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வீட்டிலும் இதே அனுபவம் தொடர்ந்தது. மறுநாள் காலையில் அடுத்த வீட்டு அத்தை புறவாசல் வழியாக நேரே அடுக்களைக்குள் வந்தார். அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார், தான் கொண்டுவந்த தூக்குவாளியிலிருந்து சொதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தார், அதன் பிறகுதான் எங்களைப் பார்த்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். நெருங்கிய தோழியின் வீட்டுக்குப் போவதற்கும் இரண்டு வாரம் முன்பே நாள் குறித்துப் பழகிய என் மகள், கதவைத் தட்டாமல் ஏன் வந்தீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. “ஏட்டி, கதவு தொறந்துதானே கெடக்கு, பெறவு எதுக்குத் தட்டணும்?” என்றார்.

நாங்கள் இருந்த நாட்களிலேயே தெருவில் ஒரு பெரியவர் காலமானார். யாரும் யாருக்கும் பொறுப்பு ஒதுக்கித் தரவில்லை. ஆனாலும் சற்று நேரத்தில் பந்தலும் நாற்காலிகளும் வந்துவிட்டன. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் இரண்டு வீடுகளிலிருந்து காப்பியும், வேறொரு வீட்டிலிருந்து பிள்ளைகளுக்கு இட்லியும் போயின. அந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு வெறும் வயிற்றில் மாத்திரை என்பதெல்லாம் இட்லி கொண்டுபோனவருக்குத் தெரிந்திருந்தது. ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருப்பதால்தானே அது தெரிகிறது. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கட்டடத்தில் ஒரு முதியவர் இறந்ததை, அவருடைய அஞ்சல் பெட்டியில் பெயர் அகற்றப்பட்ட பிறகுதான் நாங்கள் அறிந்தோம். அங்கே இருப்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். பிறர் துயரத்துக்குள் அழைப்பின்றி நுழையாமல் இருப்பதையே அவர்கள் மரியாதை என்று கருதுகிறார்கள். இருந்தாலும், துக்கத்தின் முதல் நாளில் எனக்கு எங்கள் தெருதான் வேண்டும்.

ஊர் அப்படியே இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் ஊர் பூக்காரர் யுபிஐயில் பணம் வாங்குகிறார். ஸ்டுட்கார்ட்டில் நான் ரொட்டி வாங்கும் கடையில் இன்னும் ரொக்கம் மட்டும்தான்.

மாற வேண்டியது ஒன்று மாறாமல் இருப்பதைத் தென்காசியில் நடந்த ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். என் சித்தி மகளுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. பந்தியில் இலை போட்டதிலிருந்து பாயசம் வரும்வரை, வலப்பக்கம் இருந்தவரும் எதிரே இருந்தவரும் பரிமாற வந்தவரும் அதையே கேட்டார்கள்; ஒருவர் டாக்டரின் பெயரைச் சொன்னார், ஒருவர் கோயிலின் பெயரைச் சொன்னார். அவள் சாப்பிடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். ஊரில் இருந்த காலத்தில் இத்தகைய பேச்சு என் காதில் விழுந்தும் மனதில் பதிந்ததில்லை. கேட்காமலேயே வாழப் பழகிய ஓர் ஊரில் இருந்துவிட்டு வந்ததால், ஒவ்வொரு கேள்வியும் அவள் மேல் எப்படி விழுகிறது என்பது தெரிந்தது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “கேக்காம இருந்தா, ஒட்டு உறவு இல்லாம இருக்கான்னு சொல்லுவாங்களே” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழங்கால் வலியை விசாரிப்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னது உதவியில் முடிகிறது. பின்னதால் இதுவரை அவளுக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் மண்டபத்தின் பின்புறம் அவளோடு உட்கார்ந்து, அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல, புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகளுக்கு அவள் தமிழ் கற்பிக்கிறாள். வீட்டில் தமிழும் விளையாட்டில் மலையாளமும் பேசும் அந்தப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைப் பற்றி, விளக்கு போட்ட பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அவளிடம் அதைப் பற்றி இதுவரை கேட்டதில்லையாம்.