சனிக்கிழமை பெக்கோ வருகிறது

‘களுதாவளை வீடு’ குடும்பக் குழு (மட்டக்களப்பு)

சுகந்தி: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் ஆண்டுத் திவசம் சித்திரைக் கடைசியில் வருகிறது. அதற்கு முன்னம் வளவைத் துப்புரவாக்க வேண்டும். சனிக்கிழமை காலை 8 மணிக்கு மண் வழிக்கிற பெக்கோ மெஷின் வருகிறது, இவர் பேசிவிட்டார். கிணற்றடியில் இருந்து பின்வேலி மட்டும் வழித்துச் சமப்படுத்தினால் பந்தலும் போடலாம், பிறகு ஒழுங்காக மரம் மட்டையும் வைக்கலாம். யாருக்காவது ஏதாவது எடுக்க இருந்தால் வெள்ளிக்கு முதல் வாருங்கள்.

தர்ஷினி: சின்னம்மா, ஜம்பு மரம்??

சுகந்தி: அது ஓரத்தில்தானே, தப்பும் என்று நினைக்கிறேன்

வசந்தி: நினைக்கிறாயா?

குகன்: இங்கே நடுச்சாமம். என்ன பெக்கோ? யாரைக் கேட்டது?

ரவி: மச்சான், போன கிழமை கிணற்றடியில் புடையன் பாம்பு கிடந்தது. சின்னவன் செருப்பில்லாமல் ஓடித் திரிகிற இடம். சுகாதாரப் பரிசோதகரும் வந்து தண்ணி நிற்கிற சிரட்டையெல்லாம் காட்டிவிட்டுப் போனவர். மாரி முழுக்க ஒருவரும் கை வைக்கவில்லை, இப்போ காடு

ரவி: (படம்)

தர்ஷினி: ஐயோ இவ்வளவு புல்லா

வசந்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுகந்தி: வாசித்துவிட்டேன் அக்கா. அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது புல்லுப் பிடுங்கவா அவவைப் பார்க்கவா? வீட்டை எனக்கு எழுதினது அம்மா, நான் கேட்கவில்லை.

குகன்: திவசத்துக்குச் சமையல் யார்? போன முறை வந்த ஆளா?

தர்ஷினி: மாமா இப்போ அதுவா முக்கியம்

கணேஷ் மாமா: பிள்ளைகள், கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள். அந்த வளவுக்குள் பெக்கோவை இறக்க வேண்டாம். நம்முடைய ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல். ஊற்றின தண்ணீர் நில்லாது, போட்ட பசளையும் அதோடு சேர்ந்து கீழே போய்விடும். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்கிறவர்களைக் கேளுங்கள், எவ்வளவு எருவும் தண்ணீரும் கொடுத்து அந்தக் கொடியை வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆனால் அக்காவின், உங்கள் அம்மாவின், குசினிக்குப் பின்னால் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மண் கறுப்பாக இருக்கும், அதற்குக் கீழே வெள்ளை மணல். அந்த ஒரு சாண் அக்கா செய்தது. கூட்டின சருகு, அடுப்புச் சாம்பல், மாட்டெரு, மீன் கழுவின தண்ணீர், ஒன்றையும் நாற்பது வருடமாக வேலிக்கு வெளியே போடவில்லை. பெக்கோ அரை மணித்தியாலத்தில் அதை வழித்து மூலையில் குவித்துவிடும். பிறகு கீரை போட்டாலும் மஞ்சளாகத்தான் வரும். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் இப்படி வழித்துவிட்டு வந்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

வசந்தி: உண்மை

தர்ஷினி: அம்மம்மா மீன் தண்ணியைக் கொண்டுபோய் வாழையடியில்தான் ஊற்றுவா, நான் வாளி தூக்கினது ஞாபகம்

குகன்: மாமா, தேங்காய் பறிக்க ஆள் இருக்கா? போன வருடம் ஒன்று 200 ரூபாய் தாண்டிப் போனபோது நம்முடைய மரத்தில் காயே இல்லை என்று அம்மா சொன்னவ

ரவி: ஓலைக்கு அடியில் எல்லாம் வெள்ளை ஈ. கீழே நிற்கிற கறிவேப்பிலைக்கும் கரி பூசின மாதிரி

கணேஷ் மாமா: அதற்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கரைத்து ஓலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும், அது வேறு வேலை. தென்னையைப் பற்றிச் சொல்கிறேன். 1978 கார்த்திகைச் சூறாவளியில் நம்முடைய வளவில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. அடுத்த மாரிக்கு அப்பாவும் நானும் 14 தென்னம்பிள்ளை வைத்தோம், 9 நிற்கிறது. அப்பா குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கித்தான் வைத்தவர். இப்போ பின்வேலியில் நீங்கள் குப்பை என்று சொல்கிற மட்டைக் குவியல் இருக்கிறதே, அதை வீச வேண்டாம். மரத்தில் இருந்து ஆறடி தள்ளி மூன்றடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண் போட்டு மூடுங்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஈரம் பிடித்து வைக்கும். குவியல் போனால் பாம்புக்கும் இடமில்லை.

ரவி: மாமா 9 மரத்துக்கும் கையால் வெட்டுகிறதா

கணேஷ் மாமா: இந்த வருடம் இரண்டு மரம் செய்தால் போதும் தம்பி.

குகன்: சரி, நான் காசு போடுகிறேன். இங்கே டொரண்டோவில் பனி உருகிவிட்டது, கடையெல்லாம் கன்று வந்து நிற்கிறது, அதைப் பார்க்கிற நேரமெல்லாம் வீட்டு வளவுதான் ஞாபகம். ஒட்டு மாங்கன்று, எலுமிச்சை, மாதுளை எல்லாம் 25 கன்று இந்த மாதமே வாங்கி வையுங்கள்

வசந்தி: இந்த மாதம் வைத்தால் யார் தண்ணி ஊற்றுகிறது? நீயா?

குகன்: அக்கா கிணறு கட்டினதும் என்ட காசுதான்

சுகந்தி: அண்ணா ப்ளீஸ்

கணேஷ் மாமா: குகன், பங்குனியில் மரக்கன்று வைக்கிறதில்லை. வைகாசியில் கச்சான் சுடுகாற்றுத் தொடங்கினால் ஆவணி வரைக்கும் மணல் சுடும், பிஞ்சு வேர் தாங்காது. ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு வை, மாரி முழுக்க வானமே தண்ணீர் ஊற்றும்.

குகன்: இங்கேயும் பக்கத்து வீட்டுக் கிழவர் மே மாத நீண்ட விடுமுறை வருமுன்னம் தக்காளியை வெளியே வைக்க விடமாட்டார், இரவில் உறைபனி விழுந்து கருக்கிவிடும் என்பார். அப்போ ஐப்பசிக்கு நான் வரப் பார்க்கிறேன். அம்மாவின் செத்தவீட்டுக்குத்தான் வர முடியவில்லை

தர்ஷினி: வாங்கோ மாமா

சுகந்தி: அப்போ இப்போ நான் என்னதான் செய்கிறது மாமா? சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?

கணேஷ் மாமா: இல்லை புள்ள. வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடி மட்டும் புல்லை வெட்டித் துப்புரவாகக் கூட்டி வை, பிள்ளை ஓடட்டும். சிரட்டை, பழைய டயர் எல்லாம் இன்றைக்கே அகற்று. வெட்டின புல்லை எரிக்காதே, வாழையடியில் போடு. கிணற்றடியில் ஒரு பாத்தி, அவ்வளவுதான். பயற்றை, வெண்டி, கீரை போடு. மற்ற இடத்தை இந்த வருடம் பார்த்துக்கொண்டிரு. எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே பின்னேர வெயில் அடிக்கிறது என்று தெரியாமல் ஐப்பசியில் எங்கே நடுவாய்?

சுகந்தி: பயற்றைக்கு விதை எங்கே? அம்மாவின் பால்மாப் பேணியில் எல்லா விதையும் சாம்பலோடு கலந்து துணியில் முடிந்து இருந்தது. செத்தவீட்டுச் செலவு முடிந்த நாளில் இருந்து தேடுகிறேன், வீட்டில் இல்லை.

ரவி: பெக்கோவுக்கு 5000 முற்பணம் கொடுத்தாச்சு, அதையும் யோசியுங்கள்

தர்ஷினி: கிடங்கு வெட்ட மட்டும் அதை விடலாமே

கணேஷ் மாமா: அதன் பாரத்துக்கு மண் இறுகிவிடும். கேற்றுப் பக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை. நேரில் வந்து பார்க்கிறேன்.

வசந்தி: பேணி என்னிடம் இருக்கிறது

சுகந்தி: ??

வசந்தி: அன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவின் கை மணம் அதில் இருந்தது. உன்னிடம் கேட்டால் தரமாட்டாய் என்று நினைத்தேன், பிறகு சொல்லவும் வாய் வரவில்லை. போன மாரிக்குக் கொஞ்சம் பயற்றை போட்டுப் புது விதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தர்ஷினி: அம்மா!!

குகன்: சமையலுக்கு ஆளை யாராவது சொல்லுங்கள்

சுகந்தி: வெள்ளிக்கிழமை எந்த பஸ்ஸில் வாறாய் அக்கா? இரவு நில். அம்மாவின் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை.

வசந்தி: பின்னேரம் வந்துவிடுவேன்

கணேஷ் மாமா: விதையை முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு வையுங்கள்.

ரவி: பெக்கோக்காரர் ஃபோன் எடுக்கிறார் இல்லை. விடியப் பார்ப்போம்