மதுரை செல்லூர்ல வீடு எரிஞ்சு போன குடும்பத்துக்கு உதவி வேணும் மக்களே

எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி இருக்க அக்கா வீடு நேத்து ராத்திரி எரிஞ்சு போச்சு, கரண்ட் கோளாறுன்னு சொல்றாக. ஆளுக எல்லாரும் நல்லா இருக்காக, ஆனா கட்டுன துணியோட நிக்கிறாக. தையல் மிசின் போனதுதான் பெரிய அடி, அக்கா ஜாக்கெட் தச்சுதான் குடும்பமே ஓடுச்சு. பழைய மிசின் யார்கிட்டயாவது சும்மா கெடந்தா சொல்லுங்க, மோட்டார் இல்லாட்டியும் பரவால்ல மிதிக்கிற மிசின்னாலும் போதும்.

அப்புறம் சமையல் பாத்திரம், பாய் போர்வை, எட்டாவது படிக்கிற பையனுக்கு சட்டை பேண்ட். கிழிஞ்ச துணிய மட்டும் மூட்டை கட்டி அனுப்பாதீங்கப்பா, வந்துருச்சு ஏற்கனவே.

செல்லூர், நரிமேடு, கோரிப்பாளையம் பக்கம் கம்மி அட்வான்ஸ்ல ஒத்த ரூம் இருந்தாலும் சொல்லுங்க.

ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கருகிருச்சு. ஆதார் நம்பர் தெரிஞ்சு போன் நம்பரும் அதுல சேத்திருந்தா ஆன்லைன்ல எடுத்துரலாம், ரேஷன் கார்டுக்கு இ-சேவை மையத்துல கேட்டுப் பாக்கலாம். நிவாரணத்துக்கு விஏஓகிட்ட மனு குடுக்கணும், தாலுகா ஆபீஸ்ல பழக்கமான அண்ணன்மாரு யாராச்சும் நாளைக்கு காலைல கூட வர முடியுமா? காசா அனுப்புறவுக இன்பாக்ஸ் வாங்க, அக்கா அக்கவுண்ட் நம்பரே தர்றேன், என் கைக்கு வேணாம்.