கேட்டராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறதா? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆர்.கே.புரத்திலிருந்து:

போன குளிர்காலத்தில் அம்மாவுக்கு வலது கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்த மறுநாள் சமையலறைக்குள் போனவர், டைல்ஸை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அதே வெள்ளை டைல்ஸ்தான். அப்புறம் பச்சைப் பட்டுப்புடவையை ஜன்னலோரம் விரித்துப் பார்த்துவிட்டு, "இது மயில்கழுத்துடி, இத்தனை வருஷமா பச்சைன்னு நினைச்சே கட்டிண்டிருக்கேன்" என்றார். இடது கண்ணுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை, அதனால் இங்கே தில்லியில் மலை மந்திர் முருகன் கோயிலில் வாங்கிவந்த திருநீற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பார். வலது கண்ணுக்கு அது லேசான நீலம், இடது கண்ணுக்குப் பழுப்பு.

அண்ணன் இதை மனப்பிரமை என்றே முடிவு கட்டிவிட்டான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. வயதாக ஆகக் கண்ணில் உள்ள லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. இது வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் மூளையும் கூடவே கணக்கைத் திருத்திக்கொண்டு வெள்ளையை வெள்ளையாகவே காட்டிவருகிறது. ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டுத் திடீரென்று தெளிவான லென்ஸ் வந்ததும் நீலம் முழுசாக உள்ளே வருகிறது, மூளையோ பழைய கணக்கிலேயே இருக்கிறது. அது சரியாக வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்கள்கூட. ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1923இல் இந்த ஆபரேஷன் நடந்தபோது அவரும் நிறங்கள் மாறித் தெரிவதாகச் சொன்னார். (வலியோ, பார்வை மங்கலோ, மின்னல் வெட்டுகிற மாதிரியோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் போங்கள்.)

மயூர் விஹாரிலிருந்து:

காதுக்கும் இதே கதைதான். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கின புதிதில் தட்டில் கரண்டி படுவது, பிளாஸ்டிக் பை கசங்குவது, பிரிட்ஜ் ஓடுவது எல்லாம் மண்டைக்குள் இடிக்கிறது என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். நாங்களும் மெஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினோம். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்தான் உட்காரவைத்து விளக்கினார்: வருஷக்கணக்கில் வராத சத்தங்கள் இப்போது வருகின்றன, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று மூளை பழகவேண்டும், அதனால் முதலில் வீட்டில் தினமும் கொஞ்ச நேரம், அப்புறம்தான் மார்க்கெட், கல்யாணம் எல்லாம்.

இன்னொன்று. முகத்தைப் பார்த்துப் பேசினால் அப்பாவுக்குப் பாதிச் சிரமம் இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் புரியாது. 1976இல் மெகர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காதில் விழும் எழுத்து ஒன்று, திரையில் உதடு அசையும் எழுத்து வேறு என்று வைத்தபோது, பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே இல்லாத மூன்றாவது எழுத்து கேட்டது! காது நன்றாக இருப்பவர்களுமே உதட்டைக் கேட்கிறார்கள் என்றால் அப்பாவைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

ஆர்.கே.புரத்திலிருந்து:

நீங்கள் சொன்னதும் ஞாபகம் வருகிறது, நம் தில்லியிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் பிராஜெக்ட் பிரகாஷ். பிறவியிலிருந்தே பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து பார்வை கொடுக்கிறார்கள். அப்படிப் பார்வை வந்த 5 பிள்ளைகளிடம் ஒரு கட்டையைத் தொடக் கொடுத்து, அதையே கண்ணால் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். தொட்டதைத் தொட்டுச் சொல்லவும் பார்த்ததைப் பார்த்துச் சொல்லவும் முடிந்தது, தொட்டதைப் பார்த்துச் சொல்வது மட்டும் கிட்டத்தட்ட ஊகமாகத்தான் இருந்தது. சிலர் சில நாட்களிலேயே நன்றாக முன்னேறினார்களாம். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்குப் பார்வை வந்தால், தொட்டுத் தெரிந்த வடிவத்தைக் கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா என்று 1688இல் மாலினோ என்பவர் தத்துவஞானி ஜான் லாக்குக்கு எழுதிய கேள்விக்கு 2011இல் வெளியான பதில் இது. அண்ணனுக்கு இதை அனுப்பினேன், இப்போது அம்மா சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறான்.

என் மாமனாருக்கும் காது மெஷின் வாங்கப்போகிறோம். ஆரம்பத்தில் அப்பா தினமும் எவ்வளவு நேரம் போட்டார், டிவி பார்க்கும்போதும் போட்டாரா? கொஞ்சம் சொல்லுங்களேன்.