வீட்டில் தயாரிக்கும் பீரில் நுரை எழுகிறது, ஆனால் நிற்பதில்லை

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே பீர் தயாரித்து வருகிறேன். சுவையிலும் மணத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுரையில்தான் குறை இருக்கிறது. ஊற்றும்போது இரண்டு விரற்கடை உயரத்துக்கு நன்றாகவே பொங்குகிறது, ஆனால் சோடாவின் நுரையைப் போலச் சலசலவென்று உடைந்து, முதல் மிடறு குடிப்பதற்குள் விளிம்போரம் ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடுகிறது. குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உட்சுவரில் படிந்து நிற்க வேண்டிய நுரைக்கோடுகள் சிறிதும் இல்லை.

என் செய்முறையில் வெளிர் பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 85 விழுக்காடும் வெள்ளைச் சர்க்கரை 15 விழுக்காடும் சேர்கின்றன. மாஷை, அதாவது உடைத்த மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவையை, முதலில் 50 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு 65 டிகிரிக்கு உயர்த்தி ஒரு மணி நேரம் வைக்கிறேன். கசப்பு பிடிக்காது என்பதால், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் குறைவாகவே சேர்க்கிறேன். ஓட்ஸ் சேர்த்தால் நுரை கூடும் என்று சிலரும், அதிலுள்ள கொழுப்பே நுரையைக் கெடுத்துவிடும் என்று சிலரும் சொல்கிறார்கள். நான் முதலில் எதை மாற்றிப் பார்க்க வேண்டும்?

பதில் 1:

நண்பரே, நுரை எழுவது வேறு, எழுந்த நுரை நிற்பது வேறு. எழுவதற்கு பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு போதும். நிற்பதற்குக் குமிழியின் மெல்லிய சவ்வைத் தாங்கிப் பிடிக்க, மால்ட்டிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் தேவை. உங்கள் பீர் நன்றாகப் பொங்குகிறது என்பதால் வாயுவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

செய்முறையில் கை வைப்பதற்கு முன்பு கிளாஸைச் சோதித்துவிடுங்கள். பாத்திரம் துலக்கும் திரவத்தின் மிச்சமோ, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கோ கிளாஸில் இருந்தால், அது குமிழியின் சவ்வில் புகுந்து புரதத்தை இடம்பெயர்த்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல மால்ட்டாலும் பயனில்லை. கிளாஸை நீரில் நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் கிளாஸ் சுத்தம். ஆங்காங்கே துளித்துளியாகப் பிரிந்து நின்றால் பிசுக்கு இருக்கிறது. நனைந்த உட்சுவரில் பொடியுப்பைத் தூவினாலும் இது தெரியும்: சுத்தமான இடத்தில் உப்பு ஒட்டும், பிசுக்குள்ள இடத்தில் உதிர்ந்துவிடும். பீரை ஊற்றிய பின்னர், நுரைக்குக் கீழே கண்ணாடிச் சுவரோடு குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அழுக்கு என்றே பொருள்.

வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்துக் கழுவி, பலமுறை நல்ல நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றுப் படும்படி கவிழ்த்து உலர விடுங்கள். அதே கிளாஸில் கடையில் வாங்கிய பீர் ஒன்றையும் ஊற்றிப் பாருங்கள். அதன் நுரை நின்று, உங்களுடையது மட்டும் கலைந்தால்தான் செய்முறையைப் பற்றிப் பேசலாம்.

பதில் 2:

கிளாஸைப் பற்றி மேலே சொன்னது சரியே. ஆனாலும் நீங்கள் தந்த விவரங்களைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது அந்த 50 டிகிரி அரை மணி நேரம்தான். மால்ட் போதிய அளவு பக்குவப்படாமல் வந்த காலத்தில், பெரிய புரதங்களை உடைப்பதற்காக அந்த வெப்பநிலையில் நிறுத்தி வைத்தார்கள். இன்று கிடைக்கும் மால்ட்டில் அந்த வேலை முளைகட்டும் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்மேல் மீண்டும் அரை மணி நேரம் வைத்தால், நுரைக்கு முதுகெலும்பாக இருக்கும் நடுத்தர அளவுப் புரதங்களே சிதைந்துபோகும். ஆகவே நேராக 66 அல்லது 67 டிகிரியில் தொடங்குங்கள். கடைசியில் 72 டிகிரிக்கு உயர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, சர்க்கரை. அது ஆல்கஹாலைத் தருகிறதே தவிரப் புரதம் எதையும் தருவதில்லை. ஆக, இருக்கும் புரதத்தையும் நீர்க்கச் செய்துவிடுகிறது. அந்த 15 விழுக்காட்டை அப்படியே கோதுமை மால்ட்டாக மாற்றுங்கள். ஓட்ஸைப் பொறுத்தவரை இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருள் பீருக்குக் கொழுமை தருகிறது, ஆனால் பார்லியைவிட அதில் கொழுப்பு அதிகம். நுரைதான் குறிக்கோள் என்றால் என் தேர்வு கோதுமையே.

ஹாப்ஸையும் சற்றுக் கூட்டியே ஆக வேண்டும். கொதிக்கும்போது ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலங்கள் ஐசோ ஆல்ஃபா அமிலங்களாக மாறி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. கிளாஸின் சுவரில் படியும் நுரைக்கோடுகள் அந்தப் பிணைப்பால் வருபவை. கசப்பு உறுத்தாத அளவுக்குச் சேர்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

பதில் 3:

மாஷைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஈஸ்ட்டை மறந்துவிடுவார்கள். போதிய அளவு ஈஸ்ட் சேர்க்காமல் விட்டாலோ, வெப்பம் மிகுந்த இடத்தில் நொதிக்க வைத்தாலோ, நொதித்து முடிந்த பீரை அடியில் படிந்த ஈஸ்ட்டின் மேல் நெடுநாள் விட்டுவைத்தாலோ, ஈஸ்ட் செல்கள் நலிந்து உடையும். அப்போது புரோட்டினேஸ் ஏ என்ற நொதியும் கொழுப்பு அமிலங்களும் பீரில் கலக்கின்றன. முன்னது நுரைப் புரதத்தை மெல்ல மெல்ல அறுக்கும். பாஸ்டர் முறையில் சூடாக்காத வீட்டு பீரில் அது பாட்டிலுக்குள்ளும் தன் வேலையைத் தொடரும். புதிதாகத் திறந்தபோது நன்றாக இருந்த நுரை சில மாதங்களில் மெலிந்துபோனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நுரைக்கும் புரதம் ஒருமுறை நுரைத்து உலர்ந்துவிட்டால் பழையபடி கரைந்து வராது. நொதிகலத்தின் வாய் வழியாக நுரை பொங்கி வழிந்தால், கிளாஸில் நிற்க வேண்டிய பொருள்தான் வெளியே போகிறது. எனவே கலத்தின் மேற்பகுதியில் தாராளமாக இடம் விடுங்கள். பாட்டிலுக்கு மாற்றும்போது சலசலக்காமல், குழாயின் முனை அடிமட்டத்தைத் தொட்டபடி நிரப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. சலவை சோடாவில் கழுவிய கிளாஸில் என் பீரின் நுரை முன்பைவிடச் சற்றே கூடுதலாக நின்றது, ஆனால் கடை பீரின் நுரைக்கு ஈடாகவில்லை. எனவே குறை இரண்டு இடத்திலும் இருக்கிறது என்று கொள்கிறேன். அடுத்த தயாரிப்பில் மாஷ், கோதுமை, ஹாப்ஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாக மாற்றலாமா? நுரையைக் கூட்டுவதற்கென்றே விற்கும் பொருளைச் சேர்ப்பது பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 2 எழுதியவர்:

மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதலில் அந்த 50 டிகிரி நிறுத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். செலவில்லாத மாற்றம் அதுதான். பலனைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பாருங்கள். நுரையின் உயரம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பீரின் நுரை கதிரியக்கப் பொருளைப் போலவே அடுக்குக்குறி விதிப்படி, அதாவது சம கால இடைவெளிதோறும் பாதியாகத் தேய்கிறது என்று அளந்து காட்டிய மியூனிக் இயற்பியலாளர் ஆர்ண்ட் லைக்கேவுக்கு 2002இல் இக் நோபெல் என்ற நையாண்டிப் பரிசு கொடுத்தார்கள். பரிசு வேடிக்கையானது என்றாலும் முறை நமக்கு மிகவும் உதவும். ஒவ்வொரு முறையும் அதே கிளாஸ், அதே குளிர்ச்சி, அதே உயரத்திலிருந்து ஊற்றுதல் ஆகியவற்றைக் கடைப்பிடித்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

நுரைக்கென விற்கும் பொருள்களில் கடற்பாசி வழி வரும் புரோப்பிலீன் கிளைக்கால் ஆல்ஜினேட் உண்மையிலேயே வேலை செய்கிறது. கொழுப்பு தாக்கும்போது குமிழியைக் காப்பாற்றுகிறது. ஆனால் உங்களிடம் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இத்தனை இருக்கும்போது அதை நாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரையைக் கூட்டி நுரையைக் கூட்டலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீருக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். அதற்கு மேல் கணிசமாகக் கூட்டினால் நுரை உயரமாக எழுந்து அதே வேகத்தில் விழும், பாட்டில் வெடிக்கும் ஆபத்தும் கூடும்.