ஹெட்லைட்டைப் பிரித்து உள்கூட்டுக்கு வண்ணம் அடித்தோம்: காரைக்குடி அனுபவம்

செக்காலைவாசி, காரைக்குடி:

ஹெட்லைட்டின் முன்கண்ணாடிக்குப் பின்னால், பல்பைச் சுற்றி வெள்ளிபோல் மினுங்கும் அலங்காரச் சட்டத்துக்குப் பெசல் என்று பெயர். அதைக் கறுப்பாக்க வேண்டும் என்பது என் தம்பியின் நெடுநாள் ஆசை. கறுப்பு உள்கூட்டோடு புது விளக்கே கிடைக்கிறது. விலையைக் கேட்டதும் வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தோம். செய்து முடித்தபின் உறுதியாகச் சொல்வேன்: ஸ்பிரே கேன் கையில் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அதற்கு முன்னால் தேய்ப்பதும் அதற்குப் பின்னால் காத்திருப்பதும்தான் இதில் வேலையே.

முதலில் பிரிப்பது. முன்கண்ணாடி என்று நாம் சொல்வது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பின்கூட்டோடு அதை ஒட்டியிருப்பது பெரும்பாலும் பியூட்டைல் என்ற கறுப்புப் பசை. சூடுபட்டால் இளகும். வெளிநாட்டில் விளக்கை அப்படியே அடுப்புக்குள் வைத்துவிடுகிறார்கள். நம் வீட்டு ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பில் ஹெட்லைட் நுழையாது. நுழைந்தாலும் ஆத்தா விடமாட்டார். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்தான் வழி. பல்பு, ரப்பர் மூடி, திருகு, கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓரத்தை ஒட்டிச் சூட்டை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பாலிகார்பனேட் ஏறத்தாழ 147 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பசை இளக 100 டிகிரியை ஒட்டிய சூடு போதும். சில கார்களில் இளகாத கெட்டிப் பசை போட்டிருப்பார்கள். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வகை என்றால் வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது.

திறந்ததும் கவனிக்க வேண்டியது ரிஃப்ளெக்டர். ஒளியை முன்னுக்குத் தள்ளும் கிண்ணம் அது. அதன் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் படலம். துணியால் துடைத்தாலே கீறல் விழும், சில சமயம் படலமே உரிந்து வந்துவிடும். அதற்கு வண்ணம் அடிக்கவே கூடாது. தூசி இருந்தால் காற்றால் ஊதுங்கள். பெசலைத் தனியாகக் கழற்ற முடிந்தால்தான் வண்ணம் அடியுங்கள். இரண்டும் ஒரே வார்ப்பாக இருந்தால் எங்களைப் போல் ஆசைப்படாதீர்கள்.

பெசலை 400 எண் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தொடங்கி, 600, 800 என்று போனோம். மினுக்கம் முழுக்க மங்கி ஒரே சீராகச் சாம்பல் பூத்ததுபோல் ஆக வேண்டும். மூலைகளில் மினுக்கம் மிச்சமிருந்தால் வண்ணம் அங்கேதான் முதலில் உரியும். தம்பிக்குப் பொறுமை இல்லை, "போதும் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் வீட்டு வளவுச் சுவரைத் தொட்டுக் காட்டினேன். சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். அந்த வழவழப்பு மேல்பூச்சில் மட்டும் வந்ததல்ல. அதற்குப் பிறகு அவன் பேசாமல் தேய்த்தான்.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தின்னரோ பெட்ரோலோ வேண்டாம். பாலிகார்பனேட்டில் பட்டால் முடிமுடியாக வெடிப்பு விடும். பாகத்தின் பின்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்று எழுத்து வார்த்திருக்கும், பாருங்கள். பிபி (PP, பாலிபுரோப்பிலீன்) என்றிருந்தால் சாதாரண பிரைமர் பிடிக்காது, பிளாஸ்டிக்குக்கென்று உள்ள ஒட்டு பிரைமர் கட்டாயம். பிறகு வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்பு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்திலிருந்து, பனி விழுவதுபோல் மெல்லிய பூச்சுகள், நடுவில் கால் மணி நேர இடைவெளி. ஒரே பூச்சில் கறுப்பாக்கப் பார்த்தால் வழிந்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் செம்மண் தூசி பறக்கும்போது இந்த வேலையை எடுக்காதீர்கள். சித்திரை உச்சி வெயிலிலும் வேண்டாம். துளிகள் பாகத்தைத் தொடுமுன்பே காய்ந்து, மேற்பரப்பு சொரசொரத்துப் போகும். நாங்கள் பங்குனியில், காலை வெயில் ஏறுமுன், காற்று வீசாத பின்கட்டில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தோம். முகமூடி கட்டாயம்.

தேவகோட்டைக்காரர்:

தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் இரும்பில். எங்கள் ஐயா வைத்திருந்த அம்பாசிடர் இன்னும் கொட்டகையில் நிற்கிறது. அதன் ஏழு அங்குல வட்ட விளக்கு உட்காரும் இரும்புக் கிண்ணத்தைப் பக்கெட் என்பார்கள். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு அதன் முதுகில் போய்ப் படிந்து, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காரைக்குடி சிக்ரியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் துரு அரிப்பைப் பற்றிய ஆய்வே ஒரு பெரிய துறை. அவர் சொன்னது மனதில் நிற்கிறது: "துருவுக்கு மேல் வண்ணம் அடித்தால் துரு நிற்காது, மறைவில் வேலை செய்யும்." வியர்வைக் கையில் இருக்கும் உப்பு போதுமாம், வண்ணத்துக்கு அடியில் ஈரத்தை இழுக்க. அதனால் தேய்த்து முடித்த இரும்பை வெறுங்கையால் தொடக்கூட விடவில்லை.

கம்பி பிரஷ், பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, நன்றாகக் கழுவி உடனே காயவைத்தல், அன்றே பிரைமர். ஒரு இரவு வெறும் இரும்பாக விட்டாலும் காலையில் செம்மை பூத்திருக்கும். இன்னொன்று: பழைய கார்களில் எர்த் இணைப்பு பாடி வழியாகவே போகும். அந்தத் திருகு உட்காரும் இடத்தில் வண்ணம் படாமல் டேப் ஒட்டுங்கள், பட்டால் மின்சாரம் சரியாகப் போகாது. எல்லா இடத்திலும் அழகாக அடித்துவிட்டு விளக்கு மங்குகிறது என்று பல்பை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தான் ஆச்சி:

எங்கள் கார் ஒரு பட்டறையிலிருந்து திரும்பியபோது இடப்பக்க விளக்கு மட்டும் மங்கல். உள்ளே தூசி என்று ரிஃப்ளெக்டரைத் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். படலம் போனது போனதுதான், முழு விளக்கையும் மாற்ற நேர்ந்தது. மேலே சொன்ன எச்சரிக்கையைத் தயவுசெய்து எல்லோரும் மனதில் வையுங்கள்.

முன்கண்ணாடிக்கு மேல் கறுப்புச் சாயமோ ஃபிலிமோ ஒட்டும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். உள்ளே சட்டம் கறுப்பாவது அழகு. வெளியே ஒளி போகும் வழியைக் கறுப்பாக்குவது இரவில் நடந்து போகிறவர்களுக்கும் மாடுகளுக்கும் ஆபத்து. என் மகனிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பள்ளத்தூர்க்காரன்:

அண்ணன், வண்ணம் காய்ந்ததும் உடனே மூடலாமா? நண்பன் ஒருவனின் விளக்கில் உள்ளே எண்ணெய்ப்படலம்போல் மங்கல் வந்துவிட்டது.

செக்காலைவாசி, காரைக்குடி:

அதுதான் காத்திருப்பது என்று சொன்னேன். தொட்டால் ஒட்டாத வண்ணம் உள்ளுக்குள் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். மூடிய விளக்குக்குள் பல்புச் சூடு ஏறும்போது அந்த ஆவி முன்கண்ணாடியில் போய்ப் படியும். பிறகு துடைக்கத் திரும்பவும் பிரிக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். நாங்கள் பெசலை ஒரு பெட்டியில் வைத்து, மேலே கண்ணாடித் துண்டால் மூடி வெயிலில் வைத்துப் பார்த்தோம். கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கினால் வண்ணம் இன்னும் முழுதாகக் காயவில்லை என்று பொருள். கண்ணாடி தெளிவாக நின்ற பிறகுதான் மூடினோம்.

மூடும்போது பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பியூட்டைல் கயிறு போடுங்கள். காடி வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அந்த அமில ஆவி ரிஃப்ளெக்டர் படலத்தை அரிக்கும். பின்பக்கம் உள்ள சிறு காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் ஐப்பசி மழையில் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும்.

கழற்றுவதற்கு முன்பே காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, தாழ்ந்த ஒளி (லோ பீம்) விழும் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிடுங்கள். மாட்டிய பிறகு அதே இடத்தில் நிறுத்தி அந்தக் கோட்டுக்குச் சரிசெய்யலாம். எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க இது முக்கியம்.

பள்ளத்தூரிலிருந்து வர அதிக நேரம் ஆகாது. ஹீட் கன் சும்மாதான் இருக்கிறது, மிச்சமான பியூட்டைலும் இருக்கிறது. ஞாயிறு காலை வந்தால் எடுத்துப் போகலாம். வரும்போது உங்கள் விளக்கின் பசை எந்த வகை என்று ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வாருங்கள்.